கரையில் நிற்கும் ரேடார் கடலோட்டத்தையும் அலையையும் அளப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்பாக்கத்திலும் கடலூரிலும் ஒரு ஜோடி ரேடார்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. கப்பலையோ விமானத்தையோ தேடுவது அவற்றின் வேலை அல்ல. கடலின் மேல்தண்ணீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து மணிக்கொரு முறை வரைபடமாகத் தருவதுதான் வேலை. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2008-லிருந்து இந்தியக் கரைகளில் இப்படி ஐந்து ஜோடிகளை நிறுவியது. தமிழ்நாட்டு ஜோடி போக, ஆந்திரக் கரைக்கு மச்சிலிப்பட்டினமும் ஏனாமும், ஒடிசாவுக்குக் கோபால்பூரும் பூரியும், குஜராத்தில் காம்பத் வளைகுடாவின் இரு கரைகள், அந்தமானில் போர்ட் பிளேரும் ஹட் பேயும். தரவுகள் ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸுக்குப் போய்ச் சேர்கின்றன.

கீழே வரும் கணக்குகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஜோடியின் 4.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை வைத்துப் போட்டவை. வேறு அதிர்வெண் என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

தண்ணீர் ஓடுவது ரேடாருக்கு எப்படித் தெரிகிறது?

தண்ணீர் நேராகத் தெரிவதில்லை. அலைதான் தெரிகிறது, அதுவும் எல்லா அலையும் அல்ல. ரேடார் அனுப்பும் ரேடியோ அலையின் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகள் மட்டும், ஒரு முகட்டிலிருந்து திரும்பும் எதிரொலியும் அடுத்த முகட்டிலிருந்து திரும்பும் எதிரொலியும் ஒன்றோடொன்று கூடும்படி அமைகின்றன. இதற்குப் பிராக் சிதறல் என்று பெயர். 4.4 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையின் நீளம் சுமார் 68 மீட்டர். ஆகவே ரேடார் பார்ப்பது 34 மீட்டர் நீளமுள்ள கடலலையை. காற்று ஓரளவு வீசினாலே இந்த நீளத்து அலை கடலில் எப்போதும் இருக்கும்.

ஆழ்கடலில் ஓர் அலையின் நீளம் தெரிந்தால் அதன் வேகம் தெரிந்துவிடும். ஓட்டமில்லாத ஆழ்நீரில் 34 மீட்டர் அலை வினாடிக்கு 7.3 மீட்டர் வேகத்தில் போகும். எனவே எதிரொலியின் டாப்ளர் பெயர்ச்சியும் (அதன் அதிர்வெண் மாறும் அளவும்) முன்கூட்டியே தெரிந்த எண்தான்: 0.214 ஹெர்ட்ஸ். ரேடாரை நோக்கி வரும் அலைகள் கூட்டல் பக்கத்தில் ஒரு கூர்முனையும், விலகிப் போகும் அலைகள் கழித்தல் பக்கத்தில் ஒரு கூர்முனையும் தரும். நியூசிலாந்தைச் சேர்ந்த குரோம்பி 1955-இல் 13.56 மெகாஹெர்ட்ஸில் இந்த இரட்டை முனைகளைக் கண்டு வெளியிட்டார். இந்தத் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது அந்த அலைகளைச் சுமக்கும் தண்ணீரே நகர்ந்தால் இரண்டு முனைகளும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் நகரும். திரையில் முனைகள் 0.224-லும் கழித்தல் 0.204-லும் தெரிகின்றன என்று வையுங்கள். இரண்டுமே 0.010 ஹெர்ட்ஸ் கூட்டல் பக்கம் போயிருக்கின்றன. அதை ரேடார் அலைநீளத்தின் பாதியால், அதாவது 34-ஆல், பெருக்கினால் வினாடிக்கு 34 செ.மீ. தண்ணீர் ரேடாரை நோக்கி அந்த வேகத்தில் வருகிறது. அளவீடு முழுவதும் இந்த ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும்தான். மற்ற சிக்கல்கள் எல்லாம் அந்த எதிரொலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைச் சுற்றியே வருகின்றன.

எவ்வளவு நுணுக்கமாக வேகம் தெரியும்?

எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வினாடிக்கு ஒரு வீச்சு (ரேடார் ஒரு முறை அலை அனுப்புவது) என்று 1024 வீச்சுகளைச் சேர்த்து ஃபூரியர் மாற்றம் (சமிக்ஞையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்தால் 17 நிமிடத் தரவு ஆகிறது. அதில் ஒரு படி 0.00098 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 3.3 செ.மீ. இதைவிட நுணுக்கம் வேண்டுமென்றால் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஓட்டமே மாறிவிடலாம் என்பதால் நீட்டிப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

4.4 மெகாஹெர்ட்ஸ் ஏன்? வேறு அதிர்வெண் எடுத்தால் என்ன?

தூரம் வேண்டுமா, நுணுக்கம் வேண்டுமா என்பதுதான் கேள்வி. 4 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் 200 கி.மீ. வரை பார்க்கலாம். 13 மெகாஹெர்ட்ஸில் 60 முதல் 90 கி.மீ., 25 மெகாஹெர்ட்ஸில் 30 முதல் 50 கி.மீ. வரைதான் எட்டும்.

தூரப் பிரிதிறனைத் தீர்மானிப்பது அதிர்வெண் அல்ல, வீச்சின் அலைவரிசை அகலம், அதாவது அது எத்தனை கிலோஹெர்ட்ஸுக்குப் பரவுகிறது என்பது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் 6 கி.மீ. கட்டங்கள், 50 கிடைத்தால் 3 கி.மீ., 150 கிடைத்தால் 1 கி.மீ. கீழ் அதிர்வெண்களில் இடநெருக்கடி அதிகம், அகலமான வரிசையை யாரும் தரமாட்டார்கள். அதனால்தான் தொலைவு பார்க்கும் ரேடாரின் கட்டங்கள் பெரிதாக இருக்கின்றன.

துறைமுக வாயிலில் ஓட்டம் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 4.4 மெகாஹெர்ட்ஸ் எந்த விதத்திலும் உதவாது. 6 கி.மீ. கட்டத்துக்குள் துறைமுகமே அடங்கிவிடும். அவர்கள் 25 மெகாஹெர்ட்ஸுக்கோ அதற்கு மேலோ போக வேண்டும்.

எந்த ஆழத்துத் தண்ணீரின் வேகம் இது?

மேற்பரப்புத் தோலின் வேகமும் அல்ல, அடிவரைக்குமான சராசரியும் அல்ல. ஓர் அலை எவ்வளவு ஆழம் வரை தண்ணீரை அசைக்கிறதோ அந்த ஆழத்தின் ஓட்டம்தான் அதைச் சுமக்கும். ஏறத்தாழக் கடலலை நீளத்தைப் பன்னிரண்டரையால் வகுத்துக்கொள்ளலாம். 4.4 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 மீட்டர், 13.5-க்கு 0.9 மீட்டர், 25-க்கு அரை மீட்டர்.

மீனவர்கள் கேட்கும் கேள்வி இதோடு சேர்ந்தது: ரேடார் வரைபடத்தில் தெரியும் ஓட்டமும் வலை விழும் ஆழத்து நீவாடும் (நீரோட்டமும்) ஒன்றா? ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாடைக் காலத்தில் மேல்தண்ணீர் காற்றோடு ஒரு பக்கம் போக, இருபது மீட்டரில் வேறு பக்கம் இழுப்பது உண்டு. மிதப்பது எங்கே போகும் என்பதற்கு ரேடார் நல்ல சான்று. ஆழத்தில் இறக்கிய வலைக்கு அது அரைச் சான்றுதான்.

ஒரு ரேடார் போதாதா? ஏன் ஜோடி?

ஒரு ரேடாருக்குத் தெரிவது தன்னை நோக்கி வருவதும் தன்னைவிட்டு விலகுவதும் மட்டும். குறுக்கே ஓடும் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்கு அசையாத தண்ணீர்தான். இரண்டு இடங்களிலிருந்து பார்த்த இரண்டு வேகங்களைச் சேர்த்தால்தான் முழுத் திசையன் (வேகமும் திசையும் சேர்ந்தது) கிடைக்கும்.

அந்த இரண்டு பார்வைகளும் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன என்பதே விஷயம். கல்பாக்கத்துக்கும் கடலூருக்கும் இடையே சுமார் 100 கி.மீ. இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுவிலிருந்து செங்குத்தாகக் கடலுக்குள் போனால், 50 கி.மீ. தொலைவில் பார்வைகள் 90 பாகையில் வெட்டுகின்றன. இதைவிட நல்ல இடம் இல்லை. 100 கி.மீ.-இல் அது 53 பாகை, 200 கி.மீ.-இல் 28 பாகை. மறுபக்கம் கரையை ஒட்டி 10 கி.மீ.-க்கு வந்தால் 157 பாகை. 30-க்குக் குறையாமலும் 150-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பை வைத்தால், நம்பத்தகுந்த பகுதி நடுக்கோட்டில் ஏறத்தாழ 13 முதல் 187 கி.மீ. வரை.

வரம்புக்கு வெளியே எந்தக் கூறு கெடுகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கு 10 கி.மீ.-இல் இரண்டு ரேடார்களும் கரையை ஒட்டித்தான் பார்க்கின்றன. அதனால் கரைக்கு இணையான ஓட்டம் நன்றாகவே கிடைக்கும். கரையை நோக்கி வரும் கூறுதான் கெட்டுப்போகும். ஒவ்வொரு ரேடாரின் பிழையும் வினாடிக்கு 8 செ.மீ. என்றால், அந்தக் கூறின் பிழை மூன்றரை மடங்காகி 28 செ.மீ. ஆகிவிடும். வெகுதொலைவில் இது தலைகீழ்: அங்கே கரைக்கு இணையான கூறில்தான் பிழை பெருகும். வரைபடத்தில் எல்லா அம்புகளும் ஒரே கறுப்பில் அச்சாவதால் பார்ப்பவருக்கு இது புரிவதில்லை. அம்புகளோடு வரும் வடிவியல் பிழை எண்ணைப் பார்க்காமல் வரம்போரத்து அம்பை எடுத்துப் பேசக் கூடாது.

எதிரொலி வந்த திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, கரையோரமாக 8, 12 அல்லது 16 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டுக் கற்றையைத் திருப்புவது. வேரா போன்ற கருவிகள் இந்த வகை. 13.5 மெகாஹெர்ட்ஸில் 16 ஆன்டெனா வரிசைக்கு 150 மீட்டருக்கு மேல் தடையில்லாத கரை வேண்டும், கற்றையின் அகலம் எட்டு பாகைபோல இருக்கும். 4.4 மெகாஹெர்ட்ஸில் அதே வரிசைக்கு அரைக் கிலோமீட்டர் கரை வேண்டும். நம் கரையில் அப்படி ஓர் இடம் வாங்குவதும் வேலி போட்டுக் காப்பதும் எளிதல்ல.

இன்னொன்று, ஒரே கம்பத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வளைய ஆன்டெனாவும் ஒரு நேர்க்கம்பியும் வைத்து, மூன்றிலும் வரும் சமிக்ஞையின் பலத்தையும் அலைக்கட்டத்தையும் (முகடு வந்து சேரும் நேர நிலையையும்) ஒப்பிட்டுத் திசையைக் கணிப்பது. இந்திய வலையமைப்பில் உள்ள சீசோண்ட் கருவிகள் இந்த வகை. இடம் மிச்சம். ஆனால் அந்த மூன்று ஆன்டெனாக்களும் ஒவ்வொரு திசையிலும் எப்படிக் கேட்கின்றன என்பது சரியாகத் தெரிந்தால் ஒழியக் கணிப்பு சரியாக வராது.

ஆன்டெனா வடிவ அளவீடு கட்டாயமா? பாடநூல் வடிவத்தையே வைத்துக்கொண்டால் என்ன?

கட்டாயம். ஆன்டெனா வடிவம் என்பது ஒவ்வொரு திசையிலும் அது எப்படிக் கேட்கிறது என்ற கணக்கு. பாடநூல் வடிவம் என்பது சுற்றிலும் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்கு உரியது. ஒரு தகரக் கூரை, ஒரு மின்கம்பி, ஒரு முள்கம்பி வேலி போதும், வடிவம் நெளிந்துவிடும். பத்துப் பாகை பிழை 100 கி.மீ. தொலைவில் 17 கி.மீ. ஆகிறது. வேகம் சரியாக இருக்கும், அதை வைத்த இடம் தவறாக இருக்கும். இந்தப் பிழை வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. அம்புகள் ஒழுங்காகவே இருக்கும், அதனால்தான் இது ஆபத்தானது.

அளக்கும் முறை இது. ஒரு ஃபைபர் படகில் சிறிய சமிக்ஞைக் கருவியையும் அதன் ஆன்டெனாவையும் ஜி.பி.எஸ். பதிவுக் கருவியையும் ஏற்றிக்கொண்டு, ரேடாரைச் சுற்றி ஒன்றரைக் கி.மீ. ஆரத்தில் அரைவட்டமாகப் போக வேண்டும். வேகம் 5 நாட்டுக்கு (மணிக்கு 5 கடல் மைலுக்கு) மேல் போகக் கூடாது. அந்த ஆரத்தில் ஒரு பாகை 26 மீட்டர். 5 நாட்டில் அதைக் கடக்கப் பத்து வினாடி ஆகும், வினாடிக்கு இரண்டு வீச்சு என்றால் ஒரு பாகைக்கு இருபது மாதிரிகள் கிடைக்கும். அவசரப்பட்டு 12 நாட்டில் ஓட்டினால் எட்டுதான் மிஞ்சும், அலை ஆட்டத்தில் அதிலும் பாதி கெடும். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை அளந்து இரண்டையும் மேலே மேலே வைத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சரி. படியவில்லையென்றால் அந்த அளவீட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

படகில் ஆட்கள் ஆன்டெனாவை ஒட்டி நிற்பது, இரும்பு நங்கூரத்தை அதன் காலடியில் வைப்பது, ரேடார் நிலையத்தின் கடிகாரமும் ஜி.பி.எஸ். கடிகாரமும் சில வினாடிகள் பிசகியிருப்பது. அளவீடு கெடுவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். அலைமுறிவுப் பகுதிக்குள் படகு போக முடியாது என்பதால் கரையோரத்து ஐந்து பத்துப் பாகை விடுபடும். அதைக் கால்நடையாகவோ டிரோன் வைத்தோ நிரப்பலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை அளக்க வேண்டும். பக்கத்தில் கட்டடம் எழும்பினாலும், கேபிள் மாற்றினாலும், கம்பம் சாய்ந்து நிமிர்த்தினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

ஆன்டெனாவை எங்கே நட வேண்டும்?

தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். இந்த ரேடியோ அலை உப்புத் தண்ணீரை ஒட்டித் தவழ்ந்து போவதால்தான் அடிவானத்தைத் தாண்டி 200 கி.மீ. எட்டுகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதே அதற்குக் காரணம். காய்ந்த மணல் கடத்தாது. ஆன்டெனாவுக்கும் அலைவாய்க்கும் நடுவே ஒவ்வொரு நூறு மீட்டர் மணலும் எட்டும் தூரத்தைத் தின்னும். நன்னீர் ஏரிகளில் இதே கருவி சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாமல் போவதும் இதனால்தான்.

ஆன்டெனாவைச் சுற்றி ஓர் அலைநீளத் தூரத்துக்குள் உலோகம் இருக்கக் கூடாது என்பது விதி. 4.4 மெகாஹெர்ட்ஸில் 68 மீட்டர். வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் மூங்கிலோ கல்தூணோ நைலான் கயிறோ. கம்பத்தை இழுத்துக் கட்டும் கயிறும் உலோகமாக இருக்கக் கூடாது, பாலியெஸ்டர் கயிறு போதும். சவுக்குத் தோப்பு பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் ஈர மரங்களும் சமிக்ஞையைக் குடிக்கும்.

இரவில் வரைபடம் சுருங்குவது ஏன்? கருவி பழுதா?

பெரும்பாலும் பழுது அல்ல, அயனிமண்டலம். பகலில் அதன் கீழடுக்கு தொலைதூர ரேடியோ அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, எங்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒலிபரப்பாகும் சமிக்ஞைகள் மேலே பட்டு இங்கே வந்து இறங்கும். இரைச்சல் மட்டம் ஏறும், தொலைவிலிருந்து வரும் மெல்லிய எதிரொலி அதற்குள் அமிழ்ந்துபோகும். இடிமின்னல் காலத்திலும் இதுவே. ரேடாரே அனுப்பிய அலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதும் உண்டு. அது குறிப்பிட்ட தூரத்துக் கட்டங்களில் மட்டும் ஒரு பட்டையாகத் தெரியும்.

பகல் இரவு இரண்டிலும் ஒரே அளவு சுருங்கினால் அப்போது ஆன்டெனாவையும் கேபிளையும் சந்தேகப்படுங்கள்.

சில அம்புகள் மட்டும் வினாடிக்கு ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று காட்டுகின்றன. நம்பலாமா?

நம் கிழக்குக் கரையோட்டம் உண்மையிலேயே வலிமையானது. மாசி, பங்குனி வாக்கில் வடக்கு நோக்கியும், ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கியும் ஓடும்போது வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டுவது உண்டு. எனவே பெரிய எண் என்பதாலேயே தள்ளிவிடக் கூடாது.

ஆனால் முதலில் நிறமாலையை (எதிரொலியின் பலத்தை அதிர்வெண்வாரியாகக் காட்டும் படத்தை) திறந்து, முதல்நிலை எதிரொலியை, அதாவது பிராக் முனையைப் பிரித்துக் காட்டும் எல்லைக்கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். பிராக் முனையை ஒட்டி இருபக்கமும் இரண்டாம்நிலை எதிரொலி மேடுபோல் இருக்கும். மென்பொருள் எல்லையை அகலமாகப் போட்டுவிட்டால் அந்த மேட்டையும் ஓட்டம் என்று எண்ணி இல்லாத வேகத்தைக் காட்டும். குறுகலாகப் போட்டால் உண்மையான வேகமான ஓட்டத்தை வெட்டி எறிந்துவிடும். கரையோட்டம் வலுக்கும் மாதங்களில் இந்த இரண்டாவது தவறுதான் அதிகம். நிறுவிய நாளில் வைத்த அமைப்பெண்களை ஆண்டு முழுவதும் அப்படியே விட்டுவைக்கும் நிலையங்களில் இது நடந்தே தீரும்.

கப்பலின் எதிரொலி பிராக் முனைக்குப் பக்கத்தில் விழுவதும் உண்டு. அது ஓரிரு தூரக் கட்டங்களில் மட்டும் தெரியும், அடுத்த அரைமணியில் இடம் மாறியிருக்கும்.

இதே ரேடாரால் அலை உயரத்தையும் அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் எந்த அதிர்வெண்ணில், எந்தக் கடலில் என்று பார்த்துத்தான்.

அலை உயரம் இருப்பது பிராக் முனையில் அல்ல, அதன் ஓரத்து இரண்டாம்நிலை மேட்டில். இரண்டு கடலலைகள் சேர்ந்து தரும் எதிரொலி அது. அதன் ஆற்றல் முதல்நிலையில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் இருக்கும். இரண்டின் விகிதத்திலிருந்து உயரத்தையும் காலத்தையும் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரத்தையும்) பெறும் சமன்பாடுகளை அமெரிக்கரான பேரிக் 1970-களில் வகுத்தார். ஆற்றலின் விகிதம் என்பதால் கருவியின் சக்தி, கேபிள் இழப்பு எல்லாம் தாமே கழிந்துவிடும். மிக அழகான முறை.

வரம்பு இருபக்கமும் உண்டு. அலை மிக உயர்ந்தால் முதல்நிலையும் இரண்டாம்நிலையும் கலந்துபோகும். அந்த உச்ச உயரம் ரேடார் அலைநீளத்தை மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைவான எண்ணால், அதாவது 3.14-ஆல், வகுத்தால் வரும். 25 மெகாஹெர்ட்ஸில் 3.8 மீட்டர், 13.5-இல் 7 மீட்டர், 4.4-இல் 21 மீட்டருக்கு மேல். புயல் அலைக்கு 25 மெகாஹெர்ட்ஸ் குருடாகிவிடும் என்று பொருள். மறுபக்கம், அலை தாழ்ந்தால் இரண்டாம்நிலை மேடு இரைச்சலுக்குள் மூழ்கும். 4.4 மெகாஹெர்ட்ஸில் அதற்கு ஒரு மீட்டர் அலை போதாது. கடலூர்க் கடலில் சாதாரண நாட்களில் அலை அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே தமிழ்நாட்டு ஜோடியைத் தினசரி அலைமானியாகக் கருதுவது சரியல்ல. அது ஓட்டத்துக்காக வைத்தது. தினசரி அலைக்கு 13 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கருவி வேண்டும்.

இன்னொன்று: கடலின் ஆழம் கடலலை நீளத்தின் பாதிக்குக் கீழே போனால் அலையின் வேகமே மாறிவிடும். 34 மீட்டர் அலைக்கு அந்த எல்லை 17 மீட்டர் ஆழம். கரையோரக் கட்டங்களுக்கு ஆழத் திருத்தம் செய்யாவிட்டால் ஓட்டக் கணக்கும் தவறும்.

கப்பல்களில் சுழலும் சாதாரண ரேடாரை வைத்து அலை பார்க்கிறார்களே, அது எப்படி?

அது எக்ஸ் பேண்ட், 9.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 3.2 செ.மீ. காற்று எழுப்பும் சுருக்கங்கள் போன்ற சிற்றலைகளில் பட்டு எதிரொலிக்கும். கப்பலோட்டிக்கு இது வேண்டாத குப்பை, வடிகட்டி எறிவார். பெரிய அலையின் முதுகு அந்தச் சிற்றலைகளைத் தூக்கியும் மறைத்தும் போவதால், திரையில் வெளிச்சமும் இருட்டுமாய்க் கோடுகள் நகரும். நமக்கு அந்தக் கோடுகள்தான் வேண்டும்.

வேண்டியவை: குறுந்துடிப்பு, 50 நானோவினாடி அளவில் (அப்போதுதான் தூரப் பிரிதிறன் 7.5 மீட்டர்). எட்டடி ஆன்டெனா, கற்றை ஏறத்தாழ ஒரு பாகை. நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு மேல். 42 சுற்று என்றால் 1.43 வினாடிக்கு ஒரு படம், 2.9 வினாடிக்கு மேற்பட்ட காலமுள்ள அலைகளைக் குழப்பமில்லாமல் பார்க்கலாம். 24 சுற்றுக் கருவி வாங்கினால் அந்த எல்லை 5 வினாடிக்கு ஏறிவிடும், நம் கரையின் காற்றலையில் பாதி போய்விடும். மழையைக் குறைக்கும் பொத்தான், கடல் எதிரொலியைக் குறைக்கும் பொத்தான் இரண்டையும் அணைத்து, சமிக்ஞையைப் பதப்படுத்தாமல் எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அலையே தெரியவில்லை என்று அழைப்பவர்கள் நிறைய.

64 படங்களை, ஒன்றரை நிமிடத் தரவை, அடுக்கி மூன்று பரிமாண ஃபூரியர் மாற்றம் செய்தால் அலைகளின் ஆற்றல் ஒரு கிண்ண வடிவப் பரப்பில் படியும். அந்தக் கிண்ணத்தின் வடிவம் அலை நீளத்துக்கும் காலத்துக்கும் உள்ள உறவு. கிண்ணம் சாய்ந்திருந்தால் அது நீரோட்டம். அடிப்பகுதி விரிந்திருந்தால் அது கடலாழம். திசை, காலம், நீளம் மூன்றும் நேராகவே கிடைத்துவிடும்.

உயரம் மட்டும் நேராகக் கிடைக்காது. வெளிச்சத்தின் அளவுக்கும் மீட்டருக்கும் இயல்பான தொடர்பு இல்லை. அலை ஆற்றலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டு மாறிலிகளால் உயரமாக மாற்றுகிறார்கள். அந்த மாறிலிகளை ஒரு மிதவையை அருகில் போட்டு, அமைதியும் சீற்றமும் இரண்டும் வரும் சில மாதங்களுக்கு ஒப்பிட்டுத்தான் பெற முடியும். மிதவை இல்லாமல் உயரம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.

காற்று வினாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சிற்றலை இல்லை, படம் இருண்டுவிடும். கனமழையிலும் பயனில்லை. எட்டும் தூரம் மூன்று நான்கு கி.மீ.

கள்ளக்கடலை முன்கூட்டியே காட்டுமா?

தெற்குப் பெருங்கடலில் எழுந்து, பல ஆயிரம் கி.மீ. கடந்து, 15 முதல் 20 வினாடிக் காலத்தோடு கன்னியாகுமரிக்கும் கேரளக் கரைக்கும் வரும் நீள அலைகள்தான் கள்ளக்கடல். எக்ஸ் பேண்ட் ரேடாருக்கு இந்த அலை தெளிவாகவே தெரியும். 10 மீட்டர் ஆழத்தில் 16 வினாடி அலையின் நீளம் 155 மீட்டர் அளவில் இருக்கும், பார்வைக்குள் இருபது முகடுகளாவது அடங்கும். ஆனால் அது தெரியும்போது அலை கரைக்குச் சில நிமிடத் தொலைவில் இருக்கிறது. எச்சரிக்கைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் அலை முன்கணிப்பு மாதிரியும் ஆழ்கடல் மிதவையும்தான் வழி. ரேடார், வந்துவிட்டதை உறுதி செய்யும்.

சுனாமி?

2011 மார்ச் 11 சுனாமியை ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் இருந்த கடலோட்ட ரேடார்கள் பதிவுசெய்தன. உயரத்தை அல்ல, அது உண்டாக்கும் ஓட்டத்தை. அரை மீட்டர் உயரச் சுனாமி 3000 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 3 செ.மீ. ஓட்டம்தான் தரும், கண்ணில் படாது. 50 மீட்டர் ஆழத்தில் அதே அரை மீட்டர் உயரமே 22 செ.மீ. ஓட்டம் தரும், பார்க்கலாம். அதாவது கண்டத்திட்டில் ஏறிய பிறகுதான் தெரியும். 50 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும். திட்டு குறுகிய கரையில் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். 17 நிமிடம் தரவு சேர்த்துக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும், எனவே நான்கு நிமிடம், இரண்டு நிமிடம் என்று குறுகிய நிறமாலைகளைத் தனியே ஓட்ட வேண்டும்.

மிதவையோடு ஒப்பிட்டால் வினாடிக்கு பத்து செ.மீ. வித்தியாசம் வருகிறது. எது தவறு?

இரண்டும் சரியாக இருக்கலாம். மிதவையில் தொங்கும் கருவி ஒரு புள்ளியில், பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்தில் அளக்கிறது. ரேடார் 36 சதுர கி.மீ. பரப்பின் மேல்தண்ணீரை மணிக்கணக்கில் சராசரி செய்கிறது. 7 முதல் 15 செ.மீ. வரை வேறுபாடு உலகெங்கும் வருவதுதான்.

ஒப்பிடும்போது முழுத் திசையனை ஒப்பிடாதீர்கள். மிதவையின் வேகத்தை ரேடார் திசைக்குப் பிரித்து, ஒவ்வொரு ரேடாராகத் தனித்தனியே ஒப்பிடுங்கள். பிறகு பக்கத்துத் திசைகளையும் ஒவ்வொரு பாகையாக ஒப்பிட்டு எங்கே ஒத்துப்போக்கு உச்சத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உச்சம் மிதவையின் திசையிலேயே விழாமல் 12 பாகை தள்ளி விழுந்தால் உங்கள் ஆன்டெனா வடிவம் 12 பாகை தவறு. பத்து செ.மீ. வித்தியாசத்தைவிட இந்த ஒரு தகவல் பயனுள்ளது.

அதிர்வெண் உரிமம் வேண்டுமா?

வேண்டும். 2012-இல் நடந்த உலக வானொலி மாநாடு கடலாய்வு ரேடார்களுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது, 4438 முதல் 4488 கிலோஹெர்ட்ஸும் 13450 முதல் 13550 கிலோஹெர்ட்ஸும் அவற்றில் உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். குறைந்தது 20 நிமிடத்துக்கு ஒரு முறை நிலையத்தின் அழைப்புக்குறியை மோர்ஸ் ஒலியில் அனுப்பியாக வேண்டும். பக்கத்து நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணைப் பகிர, ஜி.பி.எஸ். நேரத்தை வைத்து ஒவ்வொன்றின் வீச்சும் சற்றுத் தள்ளித் தொடங்கும்படி அமைக்கிறார்கள். ஜி.பி.எஸ். ஆன்டெனா பழுதானால் உங்கள் நிலையத்தோடு பக்கத்து நிலையமும் கெடும்.

புயல் வரும்போது ஆன்டெனாவை இறக்கிவிடலாமா?

தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையேறியது. எனவே இது நம் கரையில் உண்மையான கேள்வி. ஆனால் புயல் நேரத்துத் தரவுக்கு ஈடான தரவு வேறெப்போதும் கிடைக்காது. எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடுவதைவிட, அடித்தளத்தையும் கயிறுகளையும் முன்பே பலப்படுத்தி நிற்கவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. கடல்நீர் புகும் இடத்தில் மின்னணுப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள், மேடை கட்டுங்கள். மின்வெட்டுக்கு மூன்று நாள் தாங்கும் பேட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும்.

கம்பம் விழுந்து திரும்ப நட்டால், பழைய திசையில்தான் நட்டிருக்கிறோம் என்று காந்த ஊசியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்துக் கான்கிரீட் கம்பியே ஊசியை இழுக்கும். தூரத்தில் தெரியும் ஒரு கலங்கரை விளக்கத்தையோ கோபுரத்தையோ ஜி.பி.எஸ். புள்ளியாக எடுத்துத் திசை பாருங்கள்.

தினமும் எதைப் பார்க்க வேண்டும்?

வரைபடத்தை அல்ல, நாலைந்து எண்களை. மூன்று ஆன்டெனாக்களின் இரைச்சல் மட்டம், அனுப்பும் ஆன்டெனாவுக்கு முன்செல்லும் சக்தி, அதிலிருந்து திரும்பிவரும் சக்தி, ஒவ்வொரு மணியிலும் கிடைத்த ஆரவேகங்களின் (ரேடாரை நோக்கியோ விலகியோ அளந்த வேகங்களின்) எண்ணிக்கை, அறையின் வெப்பநிலை. மூன்று ஆன்டெனாவில் ஒன்றின் மட்டம் மட்டும் இறங்கினால் அந்தக் கேபிள். மூன்றும் சேர்ந்து ஏறினால் வெளி இடையூறு. திரும்பிவரும் சக்தி சில வாரங்களாக மெல்ல மெல்ல ஏறினால் அனுப்பும் ஆன்டெனாவின் இணைப்பில் உப்பு புகுந்துவிட்டது.

அந்த இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். நடு ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். துடைத்துத் திரும்ப மாட்டினால் ஒரு மாதம் ஓடும், பிறகு அதே கதை. கேபிள் பின்னலுக்குள் ஈரம் ஏறியிருக்கும் என்பதால் களிம்பு இல்லாத செம்பு தெரியும்வரை, அரை மீட்டரோ ஒரு மீட்டரோ, வெட்டி எறிந்து புது இணைப்பு போடுங்கள். மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டுக்கூரைபோல் ஒவ்வொரு சுற்றும் அடியில் இருப்பதன்மேல் படிய வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் மழைநீர் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே இறங்கும். அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு நாடா ஒரு சுற்று. இணைப்புக்குக் கீழே கேபிளை ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.